டென்டல் ஸ்கூலுக்கு முன் ஒரு டென்டல் ஆபீஸ் வேலை

அமெரிக்காவில் டிசம்பரில் டென்டல் ஸ்கூலில் இடம் கிடைத்தவருக்கு வகுப்பு தொடங்க ஆகஸ்ட் வரை நேரம் இருக்கிறது. ஏறக்குறைய எட்டு மாதம். விண்ணப்பித்துவிட்டு முடிவுக்குக் காத்திருப்பவருக்கும், டி.ஏ.டி. என்னும் டென்டல் ஸ்கூல் நுழைவுத் தேர்வை இன்னொரு முறை எழுத நினைப்பவருக்கும் ஒரு முழு வருடமே கையில் இருக்கும். ஊரில் பிளஸ் டூ முடித்து நேராக பி.டி.எஸ். சேர்ந்த பெற்றோருக்கு இந்த இடைவெளி புதிது. "சும்மா இருக்காதே, ஏதாவது டென்டல் ஆபீசில் வேலை பார்" என்று சொல்லிவிடுகிறார்கள். சரியான யோசனைதான். ஆனால் அந்த வேலை எப்படிக் கிடைக்கும் என்பதைத்தான் யாரும் சொல்வதில்லை.

பெரும்பாலோர் செய்வது இது: இன்டீட் தளத்தில் "டென்டல் அசிஸ்டன்ட்" என்று தேடி, கண்ணில் படும் ஐம்பது விளம்பரங்களுக்கும் ஒரே ரெஸ்யூமே அனுப்புவது. ஒன்றிலிருந்தும் பதில் வராது. இரண்டு வருட அனுபவம், எக்ஸ்ரே சான்றிதழ், முழு நேரம் என்று கேட்கும் விளம்பரங்கள் அவை. அந்த ஆபீஸ் மேனேஜரின் இடத்திலிருந்து யோசித்தால் காரணம் புரியும். ஒன்றும் தெரியாத ஆளை நோயாளியின் நாற்காலிப் பக்கம் உட்காரவைத்துத் தேற்ற இரண்டு மூன்று மாதம் பிடிக்கும். அதுவரை டாக்டர் மெதுவாகத்தான் வேலை செய்ய முடியும், பழைய அசிஸ்டன்டுக்கும் இரட்டை வேலை. தேறிய கையோடு நீங்கள் கிளம்பிவிடுவீர்கள்.

அதனால் பதவியின் பெயரைத் தேடாதீர்கள். உங்கள் கையில் இருக்கும் மாதங்களுக்குப் பொருந்துகிற பள்ளம், அதாவது ஆள் குறையும் இடம், எந்த ஆபீசில் இருக்கிறது என்று தேடுங்கள். அப்படிப்பட்ட பள்ளங்கள் ஏராளமாக இருக்கின்றன, விளம்பரமாக மட்டும் வருவதில்லை.

முதல் பள்ளம் கருவிகளைக் கழுவிக் கிருமிநீக்கும் அறை. நான்கைந்து நாற்காலி உள்ள எந்த ஆபீசிலும் மதியத்துக்குள் அழுக்குக் கருவிகள் மலையாகக் குவிந்துவிடும். அசிஸ்டன்ட்கள் நோயாளிக்கும் அந்த அறைக்கும் ஓடிக்கொண்டே இருப்பார்கள். "ஸ்டெரிலைசேஷன் அசிஸ்டன்ட்" என்று ஒருவரை வைத்தால் மொத்த ஆபீசும் மூச்சுவிடும். இந்த வேலைக்கு முன் அனுபவம் கேட்பவர்கள் குறைவு, இரண்டு வாரத்தில் பழகிவிடலாம். தாழ்வான வேலை என்று பலர் ஒதுக்குவது பெரிய தவறு. ஏன் என்று கீழே விரிவாகச் சொல்கிறேன்.

அடுத்தது ஆர்த்தோடான்டிக்ஸ், அதாவது பல்லுக்குக் கம்பி போடும் ஆபீஸ். அங்கே ஒரே மாதிரி வேலை திரும்பத் திரும்ப வரும். ரப்பர் வளையம் மாற்றுவது, கம்பி கழற்றுவது, ஸ்கேன் எடுக்க உதவுவது. அதனால் புது ஆளை எடுத்துச் சொந்தமாகப் பழக்குவது அவர்களுக்கு வழக்கம். பிள்ளைகளுக்குப் பள்ளி விடுமுறை என்பதால் கோடையில் கூட்டமும் அதிகம். குழந்தைகள் பல் மருத்துவமும் ஏறக்குறைய இப்படித்தான். இதற்கு நேர்மாறாக, ஓரல் சர்ஜரி ஆபீசில் மயக்க மருந்து கொடுப்பதால் அனுபவமில்லாதவரை உள்ளே விட யோசிப்பார்கள். அங்கே அலைந்து நேரத்தைக் கரைக்க வேண்டாம்.

மூன்றாவது, பிரசவ விடுப்பில் போகிறவரின் இடம். மூன்று மாதம் மட்டும் ஆள் வேண்டும் என்பதால் நிரந்தர வேலை தேடுபவர் வரமாட்டார். "எனக்கும் சில மாதம்தான்" என்று சொல்லும் நீங்கள் அந்த இடத்துக்குச் சரியான ஆள். சனிக்கிழமையும் மாலையும் திறக்கும் ஆபீஸ்களும் இதே ரகம்தான்.

தேடும் விதத்துக்கு வருவோம். அரை மணி நேரத்தில் போய்ச் சேரக்கூடிய இருபது ஆபீஸ்களைக் காகிதத்தில் எழுதுங்கள். முதலிடம் உங்கள் சொந்தப் பல் டாக்டருக்கு, அடுத்து நீங்கள் ஷேடோயிங் செய்த, அதாவது கூடவே நின்று வேலையைப் பார்த்த டாக்டருக்கு. அவர்களிடம் வேலை இல்லாவிட்டாலும் "யாருக்கு ஆள் தேவை என்று தெரியுமா?" என்று கேளுங்கள். பல் டாக்டர்கள் ஒருவரையொருவர் அறிந்தவர்கள். எந்த ஆபீசில் அசிஸ்டன்ட் போன வாரம் நின்றுவிட்டார் என்பது விளம்பரம் வருமுன்பே அவர்களுக்குத் தெரிந்திருக்கும்.

மற்ற ஆபீஸ்களுக்கு நேரில் போங்கள், நேரம் பார்த்துப் போங்கள். திங்கட்கிழமை காலை போனால், வார இறுதி முழுக்கப் பல்வலி தாங்கியவர்களின் அழைப்பில் ஃப்ரன்ட் டெஸ்க் திணறிக்கொண்டிருக்கும். வெள்ளிக்கிழமை பல ஆபீஸ்கள் திறப்பதே இல்லை. செவ்வாய் முதல் வியாழன் வரை, மதிய உணவு இடைவேளைக்குப் பத்து நிமிடம் முன்பு நல்ல நேரம். ஆபீஸ் மேனேஜரின் பெயரைக் கேட்டு அவரிடம் பேச வேண்டும் என்று சொல்லுங்கள். டாக்டரைப் பார்க்க வேண்டும் என்று அடம்பிடிக்க வேண்டாம், ஆள் எடுப்பது பெரும்பாலும் மேனேஜர்தான்.

ரெஸ்யூமே ஒரே பக்கம் போதும். ஆர்கானிக் கெமிஸ்ட்ரி மதிப்பெண் அங்கே யாருக்கும் வேண்டாம். மேலே மூன்று வரியில் இவை இருக்கட்டும்: எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை இருப்பீர்கள், வாரத்தில் எந்த நாள்களில் எத்தனை மணிக்கு வர முடியும், ஹெபடைடிஸ் பி தடுப்பூசியும் பி.எல்.எஸ். என்னும் அடிப்படை உயிர்காப்புப் பயிற்சி அட்டையும் கையில் இருக்கின்றனவா. நான்காவது வரியாக, தமிழோ ஸ்பானிஷோ சரளமாகப் பேசுவீர்கள் என்றால் அதையும் போடுங்கள். நோயாளிகளிடம் அவர்கள் மொழியில் பேசக்கூடியவர் என்பது மேனேஜர் கண்ணில் உடனே படும். உணவகத்திலோ கடையிலோ வேலை பார்த்திருந்தால் மறைக்காதீர்கள். நின்றபடியே எட்டு மணி நேரம் வேலை செய்யத் தெரிந்தவர் என்பதற்கு அதைவிடச் சான்று இல்லை.

ஆகஸ்டில் போகப் போகிறேன் என்று சொல்லலாமா, வேண்டாமா? இந்தக் கேள்வி எல்லோரையும் உறுத்துகிறது. சொல்லத்தான் வேண்டும், அதுவும் முதல் பேச்சிலேயே. மறைத்தால் வேலை கிடைக்கலாம். ஆனால் உங்களைப் பழக்க மூன்று மாதம் செலவழித்த அசிஸ்டன்ட் உங்கள் மீது வைத்த நம்பிக்கை ஜூலையில் ஒரே நாளில் உடையும். பல் மருத்துவ உலகம் சிறியது, அந்த டாக்டரே பின்னால் நீங்கள் வேலை கேட்டுப் போகும் இடத்தில் இருக்கக்கூடும். உண்மையைச் சொன்னால் சிலர் மறுப்பார்கள். ஆனால் ஒப்புக்கொள்பவர் உங்களுக்குக் கற்றுக்கொடுக்கும் மனதோடு ஒப்புக்கொள்வார். நான்கு மாதத்துக்கும் குறைவாகத்தான் இருக்கிறது என்றால் நாற்காலிப் பக்க வேலையைக் கேட்காமல், கிருமிநீக்க அறையையோ ஃப்ரன்ட் டெஸ்க்கையோ கேளுங்கள்.

வேலை தேடத் தொடங்கும் அன்றே சில காகிதங்களையும் தயார் செய்யுங்கள். ஹெபடைடிஸ் பி தடுப்பூசியின் வழக்கமான அட்டவணை 0, 1, 6 மாதம். கடைசி ஊசி போட்டு ஒன்றிரண்டு மாதம் கழித்து ரத்தத்தில் எதிர்ப்புச் சக்தி 10 அலகுக்குக் குறையாமல் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். குழந்தையில் போட்டவர்களுக்கு இந்த அளவு குறைந்து காட்டுவது சகஜம். அப்போது இன்னொரு ஊசி போட்டு மறுபடி சோதிப்பார்கள். டென்டல் ஸ்கூலும் இதே சான்றைக் கேட்கும் என்பதால் இந்த வேலை வீண் போகாது. பணியிடப் பாதுகாப்பைக் கவனிக்கும் அரசு அமைப்பான ஓஷாவின் விதிப்படி, ரத்தம் படக்கூடிய வேலைக்கு எடுக்கப்பட்டவருக்கு 10 வேலை நாள்களுக்குள் இந்தத் தடுப்பூசியை முதலாளி இலவசமாகத் தர முன்வர வேண்டும். கேட்டுப் பெறுங்கள். காசநோய்ப் பரிசோதனையில் நம்மவர்களுக்கு ஒரு சிக்கல் உண்டு. இந்தியாவில் பிறந்து பி.சி.ஜி. ஊசி போட்டவருக்குத் தோலில் குத்திப் பார்க்கும் சோதனை நோய் இல்லாமலே வீங்கிக் காட்டலாம். ரத்தப் பரிசோதனையாகவே எடுக்கச் சொல்லுங்கள். பி.எல்.எஸ். பயிற்சியில், பொம்மை மீது கை வைத்து அழுத்திக் காட்டும் வகுப்பையே தேர்ந்தெடுங்கள். திரையில் மட்டும் பார்த்து வாங்கும் அட்டையைப் பல இடங்களில் ஏற்பதில்லை. அமெரிக்கன் ஹார்ட் அசோசியேஷன் அட்டை 2 வருடம் செல்லும்.

எக்ஸ்ரே எடுக்க ஒவ்வொரு மாநிலத்துக்கும் ஒரு விதி. டெக்சாஸில் அசிஸ்டன்ட் எக்ஸ்ரே எடுக்க மாநில போர்டில் பதிவு வேண்டும். கலிபோர்னியாவில் அதற்கென்று தனி வகுப்பு உண்டு, அதோடு நோய்த்தொற்றுத் தடுப்பில் 8 மணி நேர வகுப்பும் முடித்தாக வேண்டும். டான்ப் என்று அழைக்கப்படும் டென்டல் அசிஸ்டிங் நேஷனல் போர்டு நடத்தும் கதிர்வீச்சுத் தேர்வையும் தொற்றுத்தடுப்புத் தேர்வையும் எழுத முன் அனுபவம் தேவையில்லை. ஆனால் உங்கள் மாநிலம் அதை ஏற்கிறதா என்று மாநில டென்டல் போர்டின் தளத்தில் பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள். வேறு மாநில நண்பர் சொன்னதை நம்பி வகுப்புக்குப் பணம் கட்டி ஏமாறுவது அடிக்கடி நடக்கிறது.

விசாவைப் பற்றியும் சொல்ல வேண்டும், இதில் தவறினால் விலை அதிகம். எஃப்-1 மாணவர் கல்லூரிக்கு வெளியே வேலை செய்ய சி.பி.டி. அல்லது ஓ.பி.டி. என்னும் மாணவர் பயிற்சி வேலை அனுமதி வேண்டும். ஓ.பி.டி. வேலை படித்த பாடத்தோடு நேரடித் தொடர்புள்ளதாகவும் இருக்க வேண்டும். பெற்றோரின் ஹெச்-1பி விசாவைச் சார்ந்து ஹெச்-4இல் இருக்கும் பிள்ளைக்கு வேலை அனுமதியே கிடையாது. ஹெச்-4 வேலை அனுமதி என்று கேள்விப்படுவதெல்லாம் கணவன் மனைவிக்குரியது. "சம்பளம் வாங்காமல் செய்கிறேன்" என்பதும் தப்பிக்கும் வழியாகாது. சம்பளம் கொடுத்து ஆள் வைக்க வேண்டிய வேலையை லாபம் ஈட்டும் ஆபீசில் இலவசமாகச் செய்தாலும் அதை அனுமதியில்லாத வேலையாகக் கொள்ள இடமிருக்கிறது. கை கட்டி நின்று பார்க்கும் ஷேடோயிங் வேறு, அது வேலையில்லை. சந்தேகம் வந்தால் கல்லூரியின் சர்வதேச மாணவர் அலுவலகத்தில் எழுத்தில் கேளுங்கள். வாட்ஸ்ஆப் குழுவில் கேட்க வேண்டாம்.

சில ஆபீஸ்கள் "ஒரு நாள் வந்து வேலை செய்து காட்டுங்கள்" என்பார்கள். வொர்க்கிங் இன்டர்வியூ என்று பெயர். சுற்றிப் பார்த்துப் பேசிவிட்டு வருவதென்றால் சரி. கருவி கழுவி, அறை துடைத்து, நாள் முழுக்க உழைத்தீர்கள் என்றால் அது வேலை, அதற்குச் சம்பளம் உண்டு. சேரும்போது டபிள்யூ-2 ஊழியராகச் சேர்கிறீர்களா, 1099 ஒப்பந்தக்காரராகவா என்று கேளுங்கள். அவர்கள் சொல்லும் நேரத்தில் வந்து, அவர்கள் கருவியில், அவர்கள் சொல்வதைச் செய்பவர் ஊழியர்தான். 1099 என்று எழுதினால் முதலாளி கட்ட வேண்டிய 7.65 சதவீத வரியும் உங்கள் தலையில் விழுந்து, மொத்தம் 15.3 சதவீதம் நீங்களே கட்ட வேண்டிவரும்.

இனி கிருமிநீக்க அறை. டென்டல் ஸ்கூலுக்குப் போகிறவர் மற்ற எந்த மூலையையும்விட இங்கே அதிகம் கற்கலாம் என்பது என் உறுதியான எண்ணம். எல்லாக் கருவியும் ஒரு நாளில் இருபது முறை உங்கள் கை வழியாகப் போகும். பெயர், வடிவம், எதோடு எது சேரும் என்பதெல்லாம் மனப்பாடம் செய்யாமலே மனதில் ஏறும்.

அந்த அறை ஒரே திசையில் ஓடும் ஆறு மாதிரி. ஒரு முனையில் அழுக்கு, மறு முனையில் சுத்தம், நடுவில் திரும்பிப் போகும் பாதை கிடையாது. நாற்காலியிலிருந்து மூடிய தட்டில் கருவிகள் வரும். மெல்லிய பரிசோதனைக் கையுறையோடு அதைத் தொடக்கூடாது. தடித்த ரப்பர் கையுறை போட வேண்டும், ஏனென்றால் பல்லின் காரையைச் சுரண்டும் ஸ்கேலரின் முனை மெல்லிய கையுறையை மட்டுமா, விரலையும் சேர்த்துத்தான் கிழிக்கும். ஒலி அதிர்வால் கழுவும் அல்ட்ராசோனிக் தொட்டியில் கூடையோடு இறக்கி மூடி வைத்து ஓட்டுங்கள். திறந்துவைத்தால் அழுக்கு நீர்த்துளிகள் அறை முழுக்கத் தெறிக்கும். எடுத்து அலசி, நன்றாக உலர்த்துங்கள். இந்த உலர்த்தும் வேலையைத்தான் அவசரக்காரர்கள் விட்டுவிடுவார்கள். ஈரமான கருவியைப் பையில் போட்டால் காகிதம் நனைந்து கிழியும், நனைந்த காகிதத்தின் வழியே கிருமியும் உள்ளே ஊறி வரும். அந்தப் பை ஆட்டோகிளேவ் என்னும் நீராவிக் கிருமிநீக்க மெஷினில் போய் வந்தும் பயனில்லை.

இடுக்கி, கத்தரிக்கோல் போன்ற கீல் உள்ளவற்றைத் திறந்தபடி பையில் போடுங்கள், மூடியிருந்தால் கீலுக்குள் நீராவி புகாது. தேதியையும் எந்த மெஷின், எத்தனையாவது சுற்று என்பதையும் பையின் பிளாஸ்டிக் பக்கத்தில் எழுதுங்கள். காகிதப் பக்கத்தில் எழுதினால் மை உள்ளே ஊறும், பேனா முனை ஓட்டை போடும். பைகளை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்காமல், தாங்கியில் விளிம்பில் நிறுத்தி இடைவெளி விடுங்கள். சாதாரண கிராவிட்டி மெஷினில் பையிட்ட கருவிக்கு 121 டிகிரி செல்சியசில் 30 நிமிடம், காற்றை முதலில் உறிஞ்சும் ப்ரீவேக்யூம் மெஷினில் 132 டிகிரியில் 4 நிமிடம் என்பது பொதுவான கணக்கு. உங்கள் மெஷினின் கையேடு என்ன சொல்கிறதோ அதுவே இறுதி. அதற்குப் பிறகுதான் உலரும் நேரம் தொடங்கும். டாக்டர் "அந்த ஃபோர்செப்ஸ் உடனே வேண்டும்" என்று கூப்பிடும்போது கதவைத் திறந்து ஈரப்பையை எடுக்கும் தவறு பழைய ஆள்களிடமே உண்டு. அப்படி எடுத்ததை மறுபடி முதலிலிருந்து ஓட்டித்தான் ஆக வேண்டும்.

பையில் நிறம் மாறும் பட்டை இருக்கும். அது மாறினால் கிருமி செத்தது என்று புதியவர்கள் நினைத்துக்கொள்கிறார்கள். வெளிப் பட்டை சொல்வது, இந்தப் பை சூட்டைப் பார்த்தது என்பதை மட்டும்தான். உண்மையான சோதனை வாரம் ஒரு முறையாவது செய்யும் ஸ்போர் டெஸ்ட். சூட்டுக்கு எளிதில் சாகாத பாக்டீரியா விதைகளை உள்ளே வைத்து ஓட்டி, பிறகு வளர்கின்றனவா என்று பார்ப்பது அது. நீங்கள் சேரும் ஆபீசில் இதன் பதிவேடு எங்கே என்று முதல் வாரத்தில் மரியாதையாகக் கேளுங்கள். உடனே எடுத்துக் காட்டினால் நல்ல இடத்துக்கு வந்திருக்கிறீர்கள்.

பல்லைத் துளைக்கும் ஹேண்ட்பீசுக்குத் தனிக் கவனிப்பு வேண்டும். ஒவ்வொரு நோயாளிக்குப் பிறகும் சூட்டில் கிருமிநீக்க வேண்டும், ரசாயனத்தால் துடைத்தால் மட்டும் போதாது. எண்ணெய் விடும் வகையாக இருந்தால், விட்டபின் ஓட்டி மிச்ச எண்ணெயை வெளியேற்றுங்கள். இல்லாவிட்டால் அடுத்த நோயாளியின் பல்லில் எண்ணெய் தெறித்து, அங்கே ஒட்ட வேண்டிய ஃபில்லிங் ஒட்டாமல் போகும். டாக்டர் பசையைக் குறை சொல்லிக்கொண்டிருப்பார், குற்றம் கிருமிநீக்க அறையில் இருக்கும். நாற்காலியின் தண்ணீர்க் குழாய்களையும் மறக்க வேண்டாம். ஒவ்வொரு நோயாளிக்குப் பின்னும் 20 முதல் 30 விநாடி தண்ணீரும் காற்றும் ஓடவிட வேண்டும். சிகிச்சைக்கான அந்தத் தண்ணீரில் ஒரு மில்லிலிட்டருக்கு 500க்கு மேல் பாக்டீரியா இருக்கக்கூடாது என்பது குடிநீருக்குரிய அதே அளவுகோல்.

இந்த அறையில் இரண்டு மாதம் ஒழுங்காக வேலை பார்த்தவரை நாற்காலிப் பக்கம் கூப்பிடாத ஆபீஸ் அபூர்வம். ஒரு நாள் ஒரு அசிஸ்டன்டுக்குக் காய்ச்சல் வரும். கருவிகளின் பெயர் தெரிந்த ஒரே ஆள் நீங்கள்தான் என்று தெரியவரும்.

நாற்காலிப் பக்கம் முதலில் கையில் தருவது சக்‌ஷன் குழாய். சுலபமாகத் தெரியும், சுலபமில்லை. நோயாளியின் முகத்தைக் கடிகாரமாக வைத்து, தலை உச்சி 12 என்று கொண்டால், வலக்கை டாக்டர் 7 முதல் 12 வரை உள்ள இடத்தில் இருப்பார், நீங்கள் 2 முதல் 4 வரை. உங்கள் இருக்கை டாக்டருடையதைவிட 10 முதல் 15 சென்டிமீட்டர் உயரமாக இருக்கட்டும், வாய்க்குள் எட்டிப் பார்க்கக் கழுத்தை வளைக்க வேண்டியிருக்காது. குழாய் வலக்கையில், காற்றும் நீரும் அடிக்கும் சிரிஞ்ச் இடக்கையில். டாக்டரின் ஹேண்ட்பீஸ் வாய்க்குள் வருமுன் உங்கள் குழாய் இடத்தில் இருக்க வேண்டும். பின்னால் வந்தால் இரண்டும் மோதும். குழாயின் சரிந்த வாய் பல்லின் பக்கவாட்டுக்கு இணையாக, விளிம்பு கடிக்கும் பரப்பைச் சற்றே தாண்டி. மிக நெருங்கினால் பல்லைத் துளைக்கும் பர் முனையைக் குளிர்விக்க வேண்டிய தண்ணீரை நீங்களே இழுத்துவிடுவீர்கள், பல்லின் உயிர்நரம்பு சூடாகும். விலகினால் கண்ணாடி முழுக்க நீர்த்திவலை. மென் அண்ணத்தைத் தொட்டால் நோயாளிக்குக் குமட்டும். குழாய் கன்னத்தையோ நாக்கையோ கவ்விக்கொண்டால் இழுக்காமல் சற்றுத் திருப்புங்கள், விட்டுவிடும். சிறிய எச்சில் குழாயை நோயாளி உதட்டால் இறுக்கி மூடி உறிஞ்சக்கூடாது. குழாயில் ஏற்கெனவே இருப்பது திரும்பி வாய்க்குள் வர வாய்ப்பு உண்டு.

வெள்ளை ஃபில்லிங் போடும்போது வரிசையைப் பிடித்துக்கொள்ளுங்கள். 37 சதவீத பாஸ்பாரிக் ஆசிட் நீல ஜெல், சுமார் 15 விநாடி, கழுவல், இலேசான உலர்த்தல், பசை, ஒளி. பிறகு 2 மில்லிமீட்டர் அடுக்காக ரெசின், ஒவ்வோர் அடுக்குக்கும் ஒளி. இதில் அசிஸ்டன்டால் கெடுவது இரண்டு இடத்தில். ஆசிட் கழுவிய பிறகு நாக்கு நழுவி எச்சில் பட்டது என்றால் உடனே வாய் திறந்து சொல்லுங்கள், பயந்து மறைக்காதீர்கள். மறுபடி செய்ய ஒரு நிமிடம், மறைத்தால் அந்த ஃபில்லிங் பின்னால் கசியும். மற்றது, ரெசினை வடிவமைக்கும்போது தலைக்கு மேலுள்ள விளக்கை அணைக்க மறப்பது. அந்த வெளிச்சத்திலேயே அது இறுகத் தொடங்கிவிடும்.

ஊரில் பல் மருத்துவம் படித்தவர்களோடு வளர்ந்தவர்களுக்குப் பல்லின் எண்ணில் ஒரு குழப்பம் வரும். அங்கே 36 என்று சொல்லும் கீழ் இடது முதல் கடைவாய்ப் பல், அமெரிக்க முறையில் 19. இங்கே மேல் வலது ஞானப்பல் 1இல் தொடங்கி மேல் இடதில் 16, கீழே இடது ஞானப்பல் 17, சுற்றி வந்து கீழ் வலதில் 32. பால் பற்களுக்கு ஏ (A) முதல் டி (T) வரை இருபது ஆங்கில எழுத்துகள். ஈறு அளக்கும்போது ஒரு பல்லுக்கு ஆறு எண், பல் சுத்தம் செய்யும் ஹைஜீனிஸ்ட் படபடவென்று சொல்லிக்கொண்டே போவார். பிந்திவிட்டால் யூகித்து நிரப்பாமல் "நிறுத்துங்கள்" என்று சொல்லுங்கள்.

ஃப்ரன்ட் டெஸ்க் கிடைத்தாலும் வேண்டாம் என்று சொல்லாதீர்கள். டென்டல் ஸ்கூல் அதிகம் சொல்லித் தராத பாடம் அங்கேதான் இருக்கிறது: சிகிச்சைக்கு யார், எவ்வளவு, எப்போது தருகிறார்கள் என்பது. டென்ட்ரிக்ஸ், ஈகிள்சாஃப்ட், ஓப்பன் டென்டல் என்னும் மென்பொருள்களில் ஒன்றைப் பழகுவீர்கள். இன்ஷூரன்ஸ் நிறுவனத்திடம் கேட்க வேண்டியவை ஆண்டு உச்சவரம்பு, அதில் மிச்சம், டிடக்டிபிள் (நோயாளி முதலில் தன் கையிலிருந்து கட்ட வேண்டிய தொகை), காத்திருப்புக் காலம், காப்பீடு எடுக்குமுன் இழந்த பல்லுக்குத் தருவார்களா என்பது, கடைவாயில் வெள்ளை ஃபில்லிங் போட்டால் வெள்ளி ஃபில்லிங்குக்கான தொகையாகக் குறைத்துவிடுவார்களா என்பது. கடைசிக் கேள்வியை விட்டதால் வரும் சண்டைகள் அதிகம். சாதாரண சுத்தத்துக்கு டி1110, ஈறு நோய்க்கான ஆழ்சுத்தத்துக்கு டி4341 என்று குறியீடு மாறும், விலையும் மாறும். "க்ளீனிங்குக்குத்தானே வந்தேன்" என்று நோயாளி முகம் சிவக்கும்போது பொறுமையாக விளக்கப் பழகினால், பிற்காலத்தில் உங்கள் நோயாளிகளுக்கே அது உதவும்.

செய்யக்கூடாதவற்றில் உறுதியாக இருங்கள். சான்றிதழ் இல்லாமல் "ஒரு எக்ஸ்ரேதானே, பட்டனை அழுத்து" என்பார்கள், அழுத்தாதீர்கள். நோயாளி "இது சொத்தையா?" என்று கேட்டால் பதில் சொல்வது டாக்டரின் வேலை. நம் தமிழ்ச் சங்கத்து ஆள் ஒருவர் நாற்காலியில் வந்து உட்கார்ந்தால், அவர் வந்தார் என்பதையே வீட்டில்கூடச் சொல்லக்கூடாது. நோயாளியின் ரகசியம் காக்கும் ஹிப்பா சட்டம் அதைத்தான் கேட்கிறது. ஊசிக்கு இரண்டு கையால் மூடி போடாதீர்கள். மூடியைத் தட்டில் படுக்கவைத்து ஒரே கையால் அள்ளும் முறையைப் பழகுங்கள். குத்திக்கொண்டால் சோப்பும் தண்ணீரும் போட்டுக் கழுவுங்கள், பிழிய வேண்டாம், பிளீச் ஊற்ற வேண்டாம், அந்த நிமிடமே சொல்லுங்கள். எச்.ஐ.வி. தடுப்பு மருந்து தேவைப்பட்டால் சில மணி நேரத்திலேயே தொடங்குவது நல்லது, 72 மணி நேரத்துக்கு மேல் தாமதிக்கக்கூடாது. இந்தப் பரிசோதனைச் செலவு முதலாளியுடையது. வெட்கப்பட்டு மறைத்து வீட்டுக்கு வந்து அழும் பிள்ளைகள் இருக்கிறார்கள், அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

இந்த வேலையால் டென்டல் ஸ்கூல் முதல் வருடம் சுலபமாகிவிடாது. உடற்கூறும் உயிர்வேதியியலும் அப்படியேதான் இருக்கும். உதவி தெரியவருவது பொம்மைப் பல்லில் பயிற்சி செய்யும் லேபில், கருவித் தட்டைப் பார்த்து மற்றவர்கள் விழிக்கும்போது. அதைவிடவும் நோயாளியைத் தொடத் தொடங்கும் வருடத்தில், பயந்த ஒருவரிடம் என்ன பேசுவது என்று உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கும்போது.

கிளம்பும் தேதியை ஒரு மாதம் முன்பே எழுத்தில் கொடுங்கள். அடுத்து வருபவருக்காக ஒவ்வொரு சிகிச்சைக்கும் என்னென்ன கருவி, எந்த வரிசை என்று படத்தோடு ஒரு அட்டை எழுதி டிராயரில் ஒட்டுங்கள். எழுதும்போதே உங்களுக்கும் அது திருப்புதல். தடுப்பூசிப் பதிவு, ஓஷா பயிற்சிச் சான்று இவற்றின் நகலைக் கையோடு வாங்கிக்கொள்ளுங்கள், ஸ்கூல் கேட்கும்போது ஆபீசுக்கு ஃபோன் போட்டுக்கொண்டிருக்க நேரம் இருக்காது. புது விலாசத்தையும் மேனேஜரிடம் எழுதிக் கொடுத்துவிடுங்கள். ஜனவரி 31க்குள் அனுப்ப வேண்டிய டபிள்யூ-2 சம்பளப் படிவம் பழைய அபார்ட்மென்டுக்குப் போனால், வரி தாக்கல் செய்யும் நேரத்தில் அதைத் தேடி அலைய வேண்டியிருக்கும்.